அளக்காமலே எழுதிய 120/80

கருத்தடை மாத்திரை கேட்டு ஒரு தனியார் மகளிர் நல மையத்துக்குப் போனேன். யாரும் என் கையில் பட்டை சுற்றவில்லை. ஆனால் படிவத்தில் ‘இரத்த அழுத்தம் 120/80’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. ‘வேறு நோய்கள்: இல்லை’ என்பதும் என்னைக் கேட்காமல் நிரப்பியதுதான்.

காசு விஷயத்தில் மட்டும் இந்த அவசரம் இல்லை. இரத்தப் பரிசோதனைத் தொகுப்பு, ஸ்கேன், மார்பகப் பரிசோதனை எல்லாம் முடித்தால்தான் மாத்திரை என்றார்கள். ஆரோக்கியமான பெண் மாத்திரை தொடங்க இவை எதுவும் கட்டாயமில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இரத்த அழுத்தத்தை அளப்பதும் நாலு கேள்வி கேட்பதும்தான் முக்கியம். அந்த இரண்டையும் விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் ரசீது போட்டார்கள்.

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அது வருமுன் பார்வையின் ஓரத்தில் ரம்பப் பல் போல ஒளிக்கோடு நெளியும். படிக்கும் வரியில் பாதி எழுத்து காணாமல் போகும். அரைமணி நேரத்தில் பார்வை தெளிந்துவிடும், பிறகு வலி பிடிக்கும். கண்ணாடி மாற்றப் போன இடத்தில் இதைச் சொன்னபோது, “என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டவர் கண் மருத்துவர்! அவரே என்னை வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினார்.

ஒவ்வொரு கருத்தடை முறையும் யாருக்கு ஏற்றது என்பதை உலக சுகாதார நிறுவனம் 1996 முதல் 1, 2, 3, 4 என நான்கு வகையாகப் பிரித்து வெளியிட்டு வருகிறது. 1 என்றால் தடையில்லை. 4 என்றால் தரவே கூடாது. ஒளிக்கோடு தெரியும் ஒற்றைத் தலைவலிக்காரருக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த மாத்திரை வகை 4. காரணம் பக்கவாத ஆபத்து. அதே பெண்ணுக்குக் கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி வகை 1. இப்போது நான் போட்டிருப்பது அதுதான்.

மாத்திரையைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். பெரும்பாலான பெண்களுக்கு அது பாதுகாப்பானதே. கேள்வி கேட்காமல் நீட்டுவதுதான் ஆபத்து. அழுத்தம் 160/100ஐத் தொட்டாலும், காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வந்திருந்தாலும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கூடாது. 35 வயதுக்கு மேல் புகைப்பவர்களுக்கும் பொருந்தாது. பாலூட்டும் தாய்க்குப் பிரசவமான முதல் ஆறு வாரம் அறவே கூடாது, ஆறு மாதம் வரை தவிர்ப்பதே நல்லது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் கருத்தடை மாத்திரையின் பலன் குறையும். வலிப்புக்கு லாமோட்ரிஜின் எடுப்பவர்களுக்கோ அந்த வலிப்பு மருந்தின் அளவே உடலில் குறைந்துவிடும். இதையெல்லாம் அவர்கள் கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லுங்கள். மாத்திரை தொடங்கிய பிறகு முதன்முறையாக ஒளிக்கோடு தெரிந்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

பரிசோதனைப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “உங்களுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே?” என்றார் மேலாளர். அந்த 120/80ஐ எழுதியது யார் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.