குளவி வேண்டுமா, வேண்டாமா? சீமை அத்தியில் எந்த வகை

அபூர்வமாக நடப்பதை ‘அத்தி பூத்தாற்போல்’ என்கிறோம். உண்மையில் அத்தி தவறாமல் பூக்கிறது. பூவை வெளியே காட்டுவதில்லை, அவ்வளவுதான். பழம் என்று நாம் கடிப்பதே உள்பக்கமாகச் சுருண்ட ஒரு பூங்கொத்து. உள்ளே நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள், நுனியில் ஒரு சின்னத் துவாரம். அந்தத் துவாரம் வழியாக யாராவது உள்ளே வந்தாக வேண்டுமா, வராவிட்டாலும் பரவாயில்லையா என்பதில்தான் சீமை அத்தி ரகங்கள் பிரிகின்றன. மரம் வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பழத்தின் நிறத்தையும் இனிப்பையும் விசாரிக்கிறார்கள். நான் முதலில் குளவியைப் பற்றித்தான் கேட்பேன்.

பிளாக் மிஷன், பிரவுன் டர்க்கி, கடோட்டா போன்றவை ‘சாதாரண’ வகை. மகரந்தமே படாமல் காய் பெருத்துப் பழுத்துவிடும். ஸ்மிர்னா வகை அப்படியில்லை. துருக்கியின் சாரிலோப்பும், அதுவே அமெரிக்கா போய்ப் பெயர் மாறிய கலிமிர்னாவும் இந்த வகை. குளவி வராவிட்டால் பிஞ்சு கோலிக்குண்டு அளவிலேயே சுருங்கி உதிர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் சான் பெட்ரோ என்று ஒரு வகை உண்டு. போன வருடத்துக் கிளையில் வரும் முதல் போகம் தானாகப் பழுக்கும், புதுக் கிளையில் வரும் இரண்டாம் போகத்துக்குக் குளவி வேண்டும். பாதிக் கிணறு தாண்டிய கதை என்பதால் இதை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

குளவி என்றதும் கொட்டும் குளவியை நினைக்க வேண்டாம். பிளாஸ்டோபாகா சீனஸ் என்ற இந்தப் பூச்சி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். இது வளர்வது நாம் சாப்பிடும் பழத்தில் அல்ல, ஆண் அத்தியின் காயில். ஆண் மரமானாலும் அந்தக் காய்க்குள் பெண் பூக்களும் உண்டு, அவற்றின் சூல்தண்டு, அதாவது சூலுக்கு மேலே நீளும் தண்டு, குட்டை. குளவியின் முட்டையிடும் ஊசி சூல்வரை எட்டும், ஒரு பூவுக்கு ஒரு குஞ்சு. இறக்கையில்லாத ஆண் குளவிகள் முதலில் வெளிவந்து, இணை சேர்ந்து, அந்தக் காய்க்குள்ளேயே செத்துப்போகும். பெண் குளவி வெளியேறும் வழியில், துவாரத்தை ஒட்டி, மகரந்தப் பூக்கள் மலர்ந்திருக்கும். உடம்பெல்லாம் மாவு பூசியதுபோல அது பறக்கும். அதன் ஆயுள் ஓரிரு நாள்தான். அந்த நேரத்தில் அருகிலுள்ள பெண் மரமும் ஏறக்குறைய ஆண் மரத்தின் வாசனையையே வீசி அழைக்கிறது. துவாரத்தில் நுழையும்போதே இறக்கை பிய்ந்துவிடும். உள்ளே போனால் சூல்தண்டெல்லாம் நீளம், ஊசி எட்டாது. முட்டையிட வழியில்லாமல் அலைந்து, மகரந்தத்தைப் பூசிவிட்டுச் சாகிறது. மரம் அதை ஏமாற்றிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளாததால் கலிபோர்னியாவில் ஏறக்குறைய இருபது வருடம் வீணானது. 1880களின் தொடக்கத்தில் ஸ்மிர்னா குச்சிகளை இறக்குமதி செய்து நட்டார்கள். மரம் செழித்தது, காய் உதிர்ந்தது. ஃபிரெஸ்னோ நகரத்து நாற்றுப்பண்ணைக்காரர் ஜார்ஜ் ரோடிங் கையால் மகரந்தம் சேர்த்துப் பார்த்தபோது பழம் நின்றது. கடைசியில் 1899இல் அமெரிக்கத் தாவரவியலாளர் வால்டர் சுவிங்கிள் அல்ஜீரியாவிலிருந்து அனுப்பிய ஆண் அத்திக் காய்களில் வந்த குளவிகள் ஃபிரெஸ்னோவில் நிலைத்தன. இத்தனைக்கும், ஆண் காயைப் பெண் மரத்தில் தொங்கவிடும் வழக்கத்தைக் கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் 2,300 வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? விதை. சாதாரண வகைப் பழத்தில் பல்லில் நெறிபடுவது பெரும்பாலும் உள்ளே ஒன்றுமில்லாத ஓடு. மகரந்தம் பட்ட பழத்தில் முழு விதை இருக்கும், அதில் எண்ணெய் இருக்கும். பழத்தைப் பிளந்து விதைகளைக் கழுவித் தண்ணீரில் போட்டால் நிறைந்தது மூழ்கும், வெற்று ஓடு மிதக்கும். காய்ந்த அத்தியில் வரும் அந்தப் பருப்புச் சுவை மூழ்கிய விதையிலிருந்து வருவது. உலர் பழத்துக்கு ஸ்மிர்னாவை அடிக்க ஆளில்லை என்பது என் கட்சி. அந்த நெறுநெறுப்பைக் குளவி என்று நினைத்துப் பழத்தைத் தள்ளி வைப்பவர்களும் உண்டு, பாவம்.

ஆனால் ஸ்மிர்னாவுக்குச் செலவும் சேர்ந்தே வருகிறது. ஆண் மரங்களைத் தனியாக வளர்க்க வேண்டும். கோடையில் சில நாளுக்கு ஒருமுறை அவற்றின் காய்களைப் பைகளில் போட்டுப் பெண் மரங்களில் மாட்ட வேண்டும். குறைந்தால் பழம் உதிரும். கூடினால் ஒரே காய்க்குள் பல குளவிகள் புகுந்து, விதை அளவுக்கு மேல் பெருகிப் பழம் வெடிக்கும். இதைவிட மோசமானது, குளவி மகரந்தத்தோடு ஃபியூசேரியம் பூஞ்சையையும் சுமந்து வருவது. வெளியே பழம் பளபளவென்று இருக்கும், உள்ளே அழுகல். ‘அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை’ என்ற பழமொழி நாட்டு அத்திக்குச் சொன்னது, ஆனால் இங்கேயும் அப்படியே பொருந்தும். போதாக்குறைக்கு, குளவியின் புழு குளிர்காலத்தைக் கழிப்பது மரத்திலேயே தங்கும் ஆண் காய்களில். கடும் பனியில் அந்தக் காய்கள் கருகினால் அடுத்த வருடக் குளவியும் போச்சு.

சாதாரண வகைக்கு இந்தத் தலைவலி எதுவுமில்லை. ஒரு குச்சியை நட்டால் போதும், துணை மரம் வேண்டாம். குளவி இல்லாத ஊரில் அழுகலைக் கொண்டுவர ஆளும் இல்லை. குளவி இருக்கும் ஊரில் இதன் பழத்துக்குள்ளும் அது நுழையும், அப்போது இதற்கும் நிறைந்த விதை கிடைக்கும். ஒரே ஒரு மரம் வைப்பவர் என்னைக் கேட்டால், இரண்டாவது யோசனையே வேண்டாம், இதுதான். ஸ்மிர்னா தோப்புக்காரருக்கான மரம், அதுவும் குளவி ஏற்கெனவே குடியிருக்கும் இடத்தில்.

விதையிலிருந்து வளர்த்துப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்றுகளில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாக வரலாம், அது காய்க்கும்வரை வருடக்கணக்கில் காத்திருந்தால்தான் தெரியும். 2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அத்தியின் மரபணுத் தொகுதியைப் படித்து, ஆண், பெண் வேறுபாட்டோடு சேர்ந்து வரும் ஆர்.ஏ.என்.1 என்ற மரபணுவைக் கண்டார்கள். அதனால் இலைத் துண்டை வைத்தே நாற்றைப் பிரிக்க வழி பிறந்தது. புது ரகம் உருவாக்குபவர்களுக்கு அது பெரிய விஷயம். மற்றவர்கள் தாய் மரத்தைப் பார்த்துக் குச்சி வாங்கினாலே போதும். கோடையில் போய் அதன் அடியில் கோலிக்குண்டுகள் உதிர்ந்து கிடக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள்.