எக்ஸலில் பில் ஃபைல் செய்து வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் அப்பா ரப்பர் ஷீட் வாங்கும் கடை வைத்திருக்கிறார். கணக்கு என் பொறுப்பு. திருவட்டாறு, பேச்சிப்பாறை பக்கத்துச் சிறு விவசாயிகள் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (சிரட்டையிலும் மரத்திலும் ஒட்டி உறைந்த ரப்பர் பால்) கொண்டுவருவார்கள். எடை போட்டு எழுதிக்கொண்டு, வாரக் கடைசியில் கணக்கு முடிப்போம். நோட்டில் எழுதி மாளவில்லை என்று மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் ஒருவரிடம் 12,000 ரூபாய் கொடுத்து எக்ஸலில் செய்து வாங்கினோம். விலைக்கு ஒரு ஃபைல், பில்லுக்கு ஒரு ஃபைல். விலையை மாற்றினால் பில் தானாக மாறும் என்றார். அவர் லேப்டாப்பில் 191 என்று அடித்தார், பில்லிலும் 191 விழுந்தது. நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

கோட்டயம் ரப்பர் போர்டு போடும் ஆர்.எஸ்.எஸ். 4 (புகை போட்ட ரப்பர் ஷீட்டில் ஒரு தரம்) விலையைப் பார்த்து, அதில் 3 ரூபாய் குறைத்துத்தான் எங்கள் கடை விலை. தினமும் காலையில் விலை ஃபைலில் அதை அடித்து, சேவ் செய்து மூடிவிடுவேன். மூன்றாவது வாரம், பேச்சிப்பாறையிலிருந்து வரும் ஒரு அம்மா பில்லைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "மக்ளே, பேப்பர்ல 203 போட்டிருக்கு. எனக்கு 191 போட்டிருக்கியே?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. 203-இல் எங்கள் 3 ரூபாய் போனாலும் 200 வர வேண்டும்; 46 கிலோவுக்குக் கிலோவுக்கு 9 ரூபாய், மொத்தம் 414 ரூபாய் அவருக்குக் குறைத்துக் கொடுத்திருக்கிறேன். பழைய பில் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தால் அத்தனையிலும் 191. விலை ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. 23 பேருக்குச் சேர்த்து 8,340 ரூபாய்.

ஃபைல் செய்து கொடுத்தவரைக் கூப்பிட்டோம். வந்தார், 2,500 வாங்கினார், ஏதோ அழுத்தினார், "இனி பிரச்சினை வராது" என்று போய்விட்டார். மறுநாள் நான் விலையை மாற்றினேன், பில் அசையவே இல்லை. பிறகு போன் எடுக்கவில்லை. மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதிலும் இல்லை.

நாகர்கோவிலில் வேலை பார்க்கும் சித்தி மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஆரம்பத்தில் கொடுத்த ஃபைலின் நகல் என் பென் டிரைவில் இருந்தது, அதுதான் காப்பாற்றியது. அதில் விலை வரும் செல்லைத் தொட்டால், மேலே ஃபார்முலா வரிசையில் சதுர அடைப்புக்குள் விலை ஃபைலின் பெயர், அதற்கு முன்னால் அவருடைய லேப்டாப்பின் டி டிரைவ் ஃபோல்டர். எங்கள் கம்ப்யூட்டரில் டி டிரைவே கிடையாது! இணைத்த ஃபைல் கிடைக்காவிட்டால் எக்ஸல் கடைசியாக எடுத்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். வழக்கமாகத் திறக்கும்போது, லிங்க்கைப் புதுப்பிக்க முடியவில்லை என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையே வராதபடி ஸ்டார்ட்டப் பிராம்ப்ட் என்ற செட்டிங்கில் மாற்றி வைத்திருந்தார். இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. தெரியாமல் நடந்த தவறு என்றால் எச்சரிக்கையை ஏன் மூட வேண்டும்?

இரண்டாவது தடவை அவர் அழுத்தியது பிரேக் லிங்க். அது ஃபார்முலாவை அழித்து, இருந்த எண்ணை அப்படியே உறையவைத்துவிடும். அன்டூ போட்டாலும் திரும்பாது. அவர் கைவைத்த ஃபைலில் அதே செல்லைத் தொட்டால் வெறும் 191 நிற்கிறது. சேஞ்ச் சோர்ஸ் அழுத்தி எங்கள் ஃபைலைக் காட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை.

ஆகவே இப்படிச் செய்து வாங்குகிறவர்கள், செய்து கொடுப்பவர் தன் லேப்டாப்பில் காட்டுவதைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் காப்பி செய்து, விலையை மாற்றி, இரண்டு ஃபைலையும் மூடி, பிறகு பில்லை மட்டும் திறந்து பாருங்கள். டேட்டா மெனுவில் எடிட் லிங்க்ஸ் இருக்கும், புது எக்ஸலில் வொர்க்புக் லிங்க்ஸ் என்று வரும். எந்த ஃபைலிலிருந்து எடுக்கிறது என்பது அங்கே தெரியும். பழைய எக்ஸலில் செக் ஸ்டேட்டஸ் அழுத்தினால் ஃபைல் கிடைக்கிறதா என்றும் சொல்லிவிடும். இரண்டு ஃபைலும் ஒரே ஃபோல்டரில் இருந்தால், ஃபோல்டரோடு எங்கே கொண்டுபோனாலும் லிங்க் அறுந்துபோகாது.

இன்னொன்றும் சித்தி மகன் காட்டினான். பில் மூடியிருக்கும்போது விலை ஃபைலில் நடுவே ஒரு வரி சேர்த்தால், பில் பழைய வரியையே பிடித்துக்கொண்டிருக்கும். ஷீட்டுக்கு ஒட்டுப்பால் விலை விழுந்துவிடும். இப்போது விலை செல்களுக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரோடுதான் இணைத்திருக்கிறோம்.

பேச்சிப்பாறை அம்மாவுக்கு 414 ரூபாயை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். 19 பேருக்குத் தீர்த்தாயிற்று. மீதி 4 பேர் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போகவில்லை. எங்களிடம் ஷீட் போட்டு 191 விலையில் பில் வாங்கியவர்கள் யாராவது இதைப் பார்த்தால், பில்லை எடுத்துக்கொண்டு கடைக்கு வாங்க.