ஈர விறகில் தீ மூட்ட எது தோது: தீப்பெட்டி, லைட்டர், ஃபெரோ ராட், சூடம்

கோடைக்கானல், ஏற்காடு, வால்பாறைப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் கூடாரம் போட்டவர்களுக்கு இது பழகிய தொல்லை. விறகுக்குப் பஞ்சம் இருக்காது. காய்ந்த விறகுக்குத்தான் பஞ்சம். சாயங்காலமே மூடுபனி இறங்கிவிடும். சுள்ளியை ஒடித்தால் படக்கென்று ஒடியாது, பட்டை நாராக உரிந்து வளையும். அந்தச் சுள்ளியில் தீ மூட்ட எது தோதுப்படும் என்பதுதான் இங்கே கேள்வி. காய்ந்த சருகு கிடக்கிற சித்திரையில் எதை வைத்தும் மூட்டிவிடலாம், அதற்கு ஒப்பீடே தேவையில்லை.

கடைக்காரர்கள் வெப்பநிலையைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஃபெரோ ராட், அதாவது கத்தி முதுகில் உரசினால் பொறி பறக்கும் உலோகக் குச்சி; அதன் அட்டையில் ‘3000 டிகிரி பொறி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஈர விறகுக்கு அந்த எண் பெரிதாக உதவாது. மரத்துக்குள் தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைச் சுற்றியேதான் நிற்கும். தண்ணீர் ஆவியாகிப் போன பிறகே சூடு ஏறி, 250, 300 டிகிரி வாக்கில் மரத்திலிருந்து வாயு கிளம்பிச் சுடர் பிடிக்கும். ஆகவே நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த நெருப்பு எத்தனை நேரம் நின்று எரியும்?

அதற்கு முன்னால் ஒரு முக்கியமான விஷயம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தீ மூட்டுவது குற்றம்; 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டமே அதைத் தடுக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் காட்டுத் தீயில் சிக்கி இறந்தார்கள். காய்ந்த போதைப்புல் சரிவில் தீ எவ்வளவு வேகமாக மேலேறும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தோம். நான் சொல்வதெல்லாம் உரிமையாளர் அனுமதி தந்த தோட்டங்களுக்கும், தீ மூட்டத் தனியிடம் ஒதுக்கியிருக்கும் முகாம்களுக்கும்தான்.

சரி, முதலில் தீப்பெட்டி. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் தயாராகி நாடு முழுக்கப் போகும் பண்டம். பதினான்கு வருடம் ஒரு ரூபாயிலேயே நின்றிருந்த விலை 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது. அந்தக் காசுக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. இதன் பலவீனம் எங்கே என்று தெரிந்துகொண்டால் போதும். குச்சித் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். சிவப்புப் பாஸ்பரஸ் இருப்பது பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில். குச்சி காய்ந்திருந்தாலும் பட்டை நமத்துப்போனால் கதை முடிந்தது. பலர் குச்சியை மட்டும் பொத்திப் பொத்தி வைத்துவிட்டுப் பெட்டியைச் சட்டைப்பையில் போட்டு வியர்வையில் நனைத்துவிடுகிறார்கள். பட்டையைக் கத்தரித்துக் குச்சிகளோடு சேர்த்து இறுக்கமான மூடியுள்ள குப்பியில் போட்டுவையுங்கள். ஆனாலும் ஒரு குச்சி எரிவது சில விநாடிகள்தான். அதற்குள் ஈரச் சுள்ளி பற்றாது. தீக்குச்சி நெருப்பைத் தொடங்கிக் கொடுக்கும். அதைத் தாங்கிப் பிடிக்க இன்னொன்று வேண்டும்.

லைட்டரில் அந்த அவசரம் குறைவு. கட்டைவிரல் தாங்கும்வரை சுடர் நிற்கும். ஒரே ஒரு பொருள்தான் எடுத்துப்போக முடியும் என்றால் லைட்டர்தான் என் தேர்வு. தீப்பெட்டித் தொழிலாளர்களின் வயிற்றில் அடித்த பொருள் என்பதும் உண்மைதான். அவர்கள் பக்கத்திலிருந்து எழுந்த கோரிக்கைக்குப் பிறகு, 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு 2023 ஜூனில் தடை போட்டது. மலையில் லைட்டருக்கு இரண்டு குறை உண்டு. ஒன்று, விறகடியில் கவிழ்த்துப் பிடித்தால் சுடர் மேல்நோக்கி ஏறி விரலைச் சுடும். அதனால் விளக்கேற்றும் நீள மூக்கு லைட்டரே வசதி. இரண்டு, குளிர். உள்ளே இருக்கும் பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே போனால் வாயுவாக மாறாது. மார்கழியில் உறைபனி விழும் ஊட்டி அதிகாலையில், வெளியே பையில் கிடந்த லைட்டர் முக்கி முனகி நீலமாய் ஒரு துளி காட்டும். சட்டைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் உயிர் வந்துவிடும். வாங்கும்போது, பொத்தானை அழுத்தும் வகையைவிடச் சக்கரத்தைத் தேய்க்கும் வகையே மேல். உயரமான இடங்களில் அழுத்தும் வகை அடிக்கடி காலை வாரும்.

சமையலறை காஸ் லைட்டரை எடுத்துவருகிறவர்களும் உண்டு. அதில் வருவது வெறும் மின்பொறி. காஸ் அடுப்புக்கு மட்டும்தான் ஆகும், விறகுக்கு ஆகாது.

ஃபெரோ ராட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதை வாங்கத்தான் பலருக்கும் ஆசை. 1903இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் காப்புரிமை பெற்ற உலோகக் கலவை இது. சீரியமும் இரும்பும் முக்கியச் சரக்கு. லைட்டர் கல் என்று நாம் சொல்வதும் இதே பொருள்தான், இது அதன் பெரிய உருவம். தண்ணீரில் முங்கினாலும் துடைத்துவிட்டு உரசலாம், ஆயிரக்கணக்கான தடவை உழைக்கும். புதிதாக வாங்கியதும் மேலே இருக்கும் கறுப்புப் பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும். அது தெரியாமல் ‘பொறியே வரவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உரசும்போது கத்தி முதுகை அசையாமல் பிடித்துக்கொண்டு ராடைப் பின்னால் இழுக்க வேண்டும். கத்தியை முன்னால் தள்ளினால் அடுக்கி வைத்ததெல்லாம் கலைந்துவிடும்.

ஆனால் பொறியின் ஆயுள் கண்சிமிட்டும் நேரம். அது விழுகிற இடத்தில் பஞ்சுபோல் பிரிந்த, நன்றாகக் காய்ந்த ஒன்று இருந்தே ஆகவேண்டும். இலவம் பஞ்சு சட்டென்று பிடிக்கும், அதே வேகத்தில் எரிந்தும் போய்விடும். தேங்காய் நார் நிதானமாய் எரியும், ஆனால் முறுக்கை உதறி உள்ளங்கையில் தேய்த்துத் தூள் உதிரும்வரை பிரிக்காவிட்டால் பொறியை வாங்காது. இரண்டையும் சேர்த்துக் கூடுபோல் பிடித்தால் நல்ல பலன். மழை நாளில் இந்தப் பொருளையெல்லாம் வீட்டிலிருந்தே காயவைத்து எடுத்துப்போக வேண்டும். ஃபெரோ ராடின் விலை முழுவதும் மற்றவை கைவிட்ட நேரத்துக்கான காப்பீடுதான். அப்படி நினைத்து வாங்கினால் வருத்தம் வராது.

நேரத்தை நீட்டித் தரும் பொருளென்று வந்தால் மூன்று இருக்கின்றன. மெழுகுவத்தித் துண்டு நீண்ட நேரம் எரியும், சுடர் சின்னது, காற்றடித்தால் போச்சு. வாசலின் தடவிய பஞ்சு உருண்டை நிமிடக்கணக்கில் நின்று எரியும். முழுக்கத் தோய்க்காமல் நடுவில் கொஞ்சம் பஞ்சை உலர விட்டால் ஃபெரோ பொறியையும் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது சூடம்.

ஈரக் காட்டில் சூடத்துக்கு நான் முதலிடம் தருகிறேன். தண்ணீரில் மிதந்தபடியே எரியக்கூடிய பொருள் இது. நமத்த தீப்பெட்டியில் தப்பிப் பிழைத்த ஒற்றைக் குச்சி போதும், பற்றிக்கொள்ளும். நல்ல சூடம் சாம்பல் வைக்காது. தரை சொதசொதவென்று இருந்தால் ஒரு சிரட்டையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் நாலைந்து கட்டி சூடத்தை வையுங்கள். ஈர விறகைக் கத்தியால் பிளந்து, உள்வயிற்றுப் பகுதியிலிருந்து தீக்குச்சிப் பருமனுக்குச் சிராய் சீவி, சூடத்தின் மேல் காற்றுப் புகும்படி சாய்த்து அடுக்குங்கள். வெளிப்பட்டை நனைந்திருந்தாலும், பட்டுப்போன கிளையின் நடுப்பகுதி பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். முதலில் வெள்ளைப் புகை வரும், அது ஆவி. சிராய்கள் உஸ்ஸென்று நுரைத்து ஓரம் கறுக்கும்போது அடுத்த கட்டியைப் போடலாம். சிரட்டை பற்றிவிட்டால் அப்புறம் கவலையில்லை, அதுவே நல்ல விறகு.

குறையும் சொல்லிவிடுகிறேன். திறந்து வைத்தால் சூடம் காற்றிலேயே கரைந்து காணாமல் போகும்; வீட்டில் டப்பாவில் நாலு மிளகு போட்டுவைப்பார்கள், எனக்கு இறுக்கமான மூடிமேல்தான் நம்பிக்கை. எரியும்போது கரிப்புகை அதிகம், அது முழுக்க எரிந்து தீரும்வரை மேலே எதையும் சுடவோ வாட்டவோ கூடாது. விழுங்கினால் வலிப்பு வரும், குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது.

பெட்ரோல் ஊற்றுகிற வழக்கத்தை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கமாட்டேன். அதன் ஆவி தரையோடு பரவி, ஊற்றியவர் நிற்கும் இடத்துக்கு வந்துவிடும். குச்சி கிழித்ததும் நெருப்பு அவர்மேலேயே பாயும். சானிடைசர் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, அணைந்துவிட்டதென்று நினைத்து மறுபடி ஊற்றியவர்கள் வெந்திருக்கிறார்கள். யாகசாலைகளில் இன்றும் கடையும் அரணிக் கட்டை, சக்கிமுக்கிக் கல், பூதக்கண்ணாடி எல்லாம் கற்றுக்கொள்ள அருமையானவை. காய்ந்த பொருளும் நல்ல வெயிலும் கேட்கும் முறைகள் என்பதால் மழைக்கால மலையில் அவற்றுக்கு வேலையில்லை.

மணாலி, லடாக் என்று விமானத்தில் போகிறவர்கள் தீப்பெட்டி, லைட்டர், சூடம் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். போய் இறங்கியதும் பெட்டிக்கடையில் தீப்பெட்டியும் பூஜைச் சாமான் கடையில் ‘கபூர்’ என்று கேட்டுச் சூடமும் வாங்கிக்கொள்ளலாம்.