வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை: சிறுநீரக நோயாளிக்கு ஏற்ற சாப்பாட்டுக்கடைகள்

வடக்கு மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து நடத்தும் அம்மாச்சி உணவகங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மூன்று காரணங்களைச் சொல்லிப் புகழ்வார்கள்: பாரம்பரிய உணவு, சத்தான உணவு, கையைக் கடிக்காத விலை. சிறுநீரக நோயுடன் வாழ்பவன் என்ற முறையில் வன்னிக்குள் வெளியே சாப்பிட நேரும்போது நானும் முதலில் தேடுவது அவற்றைத்தான். ஆனால் என் காரணம் அந்த மூன்றில் எதுவுமில்லை. சத்தானவை என்று அங்கே கொண்டாடப்படும் பண்டங்களிற் பல எனக்கு ஆகாதவை. அங்கே சமையல் கண்முன்னே நடக்கிறது, சமைப்பவரிடமே பேச முடிகிறது என்பதுதான் என்னை அங்கே இழுக்கிறது.

பழுதடைந்த சிறுநீரகம் பொற்றாசியத்தை வேண்டிய அளவு வெளியேற்றாது. இரத்தத்தில் அது மிகுந்தால் இதயத்துடிப்பு தடுமாறும். இலைக்கஞ்சியில் பல கீரைகளின் சாறு சேர்கிறது. முருங்கையிலை வறை, ஒடியற்கூழ், குரக்கன் பண்டங்கள், பயறு, வாழைப்பழம், செவ்விளநீர் என்று ஆரோக்கியமானவர்களுக்கு நல்லவையாகச் சொல்லப்படும் வரிசையில், பொற்றாசியக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டவர் தாண்டிப் போகவேண்டியவையே அதிகம். ஒரு கோப்பை இளநீரில் ஏறத்தாழ 400 முதல் 600 மில்லிகிராம் பொற்றாசியம் இருக்கலாம். வெயிலில் வந்து இறங்கியவருக்கு அன்போடு நீட்டப்படும் அந்த இளநீரை மறுப்பது, உண்மையில், கொத்துரொட்டியை மறுப்பதைவிடக் கடினம்.

அப்படியானால் அங்கே எதைச் சாப்பிடுவது? இடியப்பம், வெள்ளை அரிசிமாப் பிட்டு, கல்லில் சுடச்சுட எடுக்கும் தோசை, அப்பம் ஆகியவை பொற்றாசியம் குறைந்தவை. மாவில் சேர்ந்த உப்பை நீக்க முடியாது என்றாலும், சம்பலையும் சொதியையும் எவ்வளவு எடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது. “அக்கா, முட்டை அப்பத்துக்கு மேலே உப்புத் தூவாமல் தாங்கோ” என்று கேட்டால், அப்பச்சட்டியின் முன் நிற்பவர் அதை அந்தக் கணமே செய்துவிடுகிறார். வேறெங்கும் இது இவ்வளவு இலகுவாக நடப்பதில்லை. சொதியில் கவனம் தேவை. தேங்காய்ப்பாலிலும் பொற்றாசியம் உண்டு. அதோடு, இரத்தச் சுத்திகரிப்புக்கு (டயலிசிஸ்) போகிறவர்களுக்கு நாளொன்றுக்குக் குடிக்க அனுமதிக்கப்பட்ட நீரின் கணக்கில் சொதியும் ரசமும் தேநீரும் சேர்ந்தே வரும்.

உப்பின் கணக்கு இன்னும் கறாரானது. உலக சுகாதார நிறுவனம் பொதுவாக எல்லோருக்கும் சொல்லும் எல்லையே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. சிறுநீரக நோயாளிக்கும் வழிகாட்டுதல்கள் அதே எல்லையையே வைக்கின்றன. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வன்னி நகரங்களின் மாலைநேரக் கடைகள் ஏறத்தாழ முழுவதும் கழிந்துவிடும். கொத்துரொட்டியில் ரொட்டி மாவில் ஒரு முறை, இறைச்சிக் குழம்பில் ஒரு முறை, தகட்டின் மேல் தூவும்போது ஒரு முறை என்று உப்பு மூன்று இடங்களில் சேர்கிறது. சோயா சோஸும் அஜினமோட்டோவும் அதற்கு மேல். கிளிநொச்சியில் ஒரு கடையில் உப்பில்லாமல் கொத்தித் தருமாறு கேட்டபோது பரிமாறும் தம்பி தாராளமாகத் தலையாட்டினார். வந்த தட்டில் உப்புக் குறைந்திருந்தது உண்மைதான், அஜினமோட்டோவின் சுவை மட்டும் தூக்கலாக இருந்தது. உப்பிலுள்ள அதே சோடியம் அதிலும் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு உண்டு என்பது தகட்டில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவே இரண்டையும் பெயர் சொல்லித் தனித்தனியே மறுக்கவேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு ஏ9 வீதியோரச் சைவக்கடைகளை நான் அசைவக்கடைகளுக்கு மேலாக வைக்கமாட்டேன். சைவம் என்றாலே நோயாளிக்கு நல்லது என்று வீட்டாரும் கடைக்காரரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்தத் தட்டில் பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், கீரைக்கடைசல், பூசணி ஆகியவை பொற்றாசியத்தால் கனக்கின்றன. அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் உப்பால் கனக்கின்றன. கஞ்சி வடித்த வெள்ளைச் சோறு, கோவா வறை, புடலங்காய், கத்தரிக்காய் என்று கேட்டு வாங்கினால் தட்டு தேறிவிடும். குளத்து மீன் கிடைக்கும் கடையானால் குழம்பை ஒதுக்கி ஒரு துண்டு விரால் எடுப்பது, சுத்திகரிப்பு தொடங்காத என் நிலையில், அன்றைய புரத அளவுக்குப் பொருந்துகிறது. எனக்குச் சொல்லப்பட்ட எல்லை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 0.8 கிராம். சுத்திகரிப்பில் இருப்பவர்களுக்குப் புரதம் இதைவிடக் கூடுதலாக வேண்டும். அவர்கள் என் தட்டை அப்படியே பின்பற்றாமல் கிளினிக்கில் கேட்டுக்கொள்வது நல்லது. கருவாட்டுக் குழம்பைப் பற்றி எழுதத் தேவையே இல்லை.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனம் நிற்காமல் போகாது. கற்பூரம் கொளுத்துவதோ தேங்காய் உடைப்பதோ பிரச்சினை இல்லை. அங்கே விற்கும் வறுத்த கச்சான்தான் பிரச்சினை. பொற்றாசியமும், அதைப் போலவே பழுதடைந்த சிறுநீரகம் வேண்டிய அளவு வெளியேற்றாத பொசுபரசும் ஒருங்கே மிகுந்த பண்டம் அது, பொதியைத் திறந்தால் பாதியில் மூடவும் முடியாது. நான் அங்கே ஒரு சிறிய பிளேன்ரீயோடு நின்றுகொள்கிறேன்.

குளிர்பானக் கடைகளில் ஒரேயொரு எச்சரிக்கை, ஆனால் கடுமையானது. நட்சத்திரப்பழம் என்றும் அழைக்கப்படும் காமரங்காயின் சாறு எந்தக் கலவையிலும் இருக்கக்கூடாது. சிறுநீரகம் செயலிழந்தவர்களில் அதன் நச்சு நிற்காத விக்கலில் தொடங்கி மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும், மரணங்களும் பதிவாகியுள்ளன. கலவைச் சாறு விற்கும் இடத்தில் என்னென்ன பழம் என்று கேட்காமல் குடிக்கவேண்டாம். கறுப்புக் கோலா வகைகளில் பொசுபோரிக் அமிலம் சேர்க்கப்படுவதால் அவையும் வேண்டாம்.

தண்ணீரையும் மதிப்பீட்டில் சேர்க்கவேண்டியிருக்கிறது. வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் முழுமையாகத் துலங்காத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்து ஊர்களிலும் உண்டு. கிணற்று நீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும் ஆராயப்படும் காரணங்களில் அடங்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. ஆதலால் மேசையில் வைக்கும் தண்ணீர் வடிகட்டியதா, கிணற்றிலிருந்து நேரே வருவதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. வவுனியாவில் இந்தக் கேள்விக்கு முகம் சுளித்தவர்களை நான் காணவில்லை. இந்த நோயைப் பற்றி அங்கே பலருக்கும் தெரிந்திருப்பது காரணமாக இருக்கலாம்.

பார்சல் கட்டும் கடைகள் என் பட்டியலில் கடைசி. சோறும் கறிகளும் ஒரே தாளுக்குள் அழுந்தி வருவதால் பருப்பும் குழம்பும் சோற்றில் ஊறிவிடும்; பிறகு பிரித்தெடுக்க எதுவும் மிஞ்சாது. குழம்பைத் தனிப் பையில் கட்டித்தரச் சொன்னால் மாங்குளம், கிளிநொச்சிப் பக்கத்துச் சிறிய கடைகள் பெரும்பாலும் மறுப்பதில்லை, நேரம் மட்டும் பார்த்துப் போகவேண்டும். அலுவலகங்கள் விடும் மதிய நெரிசலில் கேட்டால் தலையாட்டிவிட்டு வழக்கம்போலவே கட்டிவிடுவார்கள். பதினொன்றரைக்கு முன்னர் போனால் கறிகள் அப்போதுதான் இறக்கப்பட்டிருக்கும், கேட்பதைக் காதில் வாங்கவும் ஆள் இருக்கும்.