வீடு தேடி வரும் நலப்பணியாளர் சேவை: நீரிழிவுள்ள சிறுமியின் தாய் எழுதும் மதிப்பீடு

எட்டு வயது மகளுக்கு முதல் வகை நீரிழிவு உறுதியானதிலிருந்து, எங்கள் பகுதித் தொண்டு நிறுவனம் ஒன்றின் நலப்பணியாளர் ஓராண்டாக மாதம் இருமுறை வீட்டுக்கு வருகிறார். மருத்துவமனையில் அவசரமாகச் சொல்லப்பட்டவற்றை எங்கள் அடுப்படிக்கும் வருமானத்துக்கும் ஏற்றபடி பொறுமையாகக் கற்பித்ததே இச்சேவையின் பெருஞ்சிறப்பு. குளிர்பதனப் பெட்டி இல்லாத எங்களுக்கு, இரு மண்பானைகளுக்கிடையே ஈரமணல் நிரப்பி இன்சுலினைக் கோடை வெப்பத்திலிருந்து காக்கும் முறையை அவரே செய்து காட்டினார். ஊசியை ஒரே இடத்தில் போட்டுவந்தால் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டு மருந்து சீராகச் சேராது என்பதை எனக்கும், இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து 15 நிமிடங்களில் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதை வகுப்பாசிரியைக்கும் விளக்கினார். அன்றிரவுதான் நான் நிம்மதியாக உறங்கினேன். இனிப்பு தின்றதால் வந்த நோய் என்று வருந்திய என் மாமியாரிடம், உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் இது வருகிறது என்று எடுத்துச் சொல்லி, என்மேல் விழுந்த பழியையும் அவரே நீக்கினார்.

குறையும் உண்டு. மாதத்துக்கு 50 சோதனைப் பட்டைகளே தருகிறார்கள். நாளுக்கு நான்கு முறை சோதித்தால் அவை 12 நாள்களில் தீர்ந்துவிடுகின்றன. இதை நிறுவனம் உடனே சரிசெய்ய வேண்டும்.