ஏடபிள்யூஎஸ் பேட்ச்சும் டெர்ராஃபார்மும்: ரெண்டு வருஷம் ஓட்டிப் பாத்த அனுபவம்

எங்க ஆஃபீஸ் பெருங்குடில, சின்ன டீம், மொத்தம் ஆறு பேர். பழைய தமிழ் புத்தகம், வார இதழ், கோயில் தல வரலாறு இப்படி வர்றதையெல்லாம் ஸ்கேன் பண்ணி, டெசராக்ட்ங்கற சாஃப்ட்வேர் வெச்சு எழுத்தா மாத்தி (இதுதான் ஓசிஆர்), தேடிப் படிக்கற மாதிரி குடுக்கறோம். பகல்ல ஸ்கேனிங், ராத்திரில ஓசிஆர். 2023 வரைக்கும் அந்த ராத்திரி வேலைய ஆஃபீஸ்ல இருந்த ரெண்டு பெரிய மெஷினே பாத்துக்கிச்சு. மிக்ஜாம் புயல் வந்தப்போ, டிசம்பர் 4 காலைல எங்க தெருல முழங்கால் அளவு தண்ணி, கரண்ட் கிடையாது, மெஷின மாடிக்குத் தூக்கி வெச்சோம்ங்கறதோட சரி, அடுத்த நாலஞ்சு நாள் ஒரு பக்கம் கூட ஓடல. ஓட்ட வேண்டிய புத்தகம் வரிசைல நிக்குது, கேக்கறவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. அந்த வாரத்துலயே முடிவு பண்ணிட்டோம், ஓசிஆர கிளவுடுக்குக் கொண்டு போயிடறதுன்னு.

அமேசானோட கிளவுடான ஏடபிள்யூஎஸ்ல, வேலை வந்தா மெஷின எழுப்பி ஓட்டிட்டு நிறுத்திடற சர்வீஸ்தான் பேட்ச். அத எடுத்ததுக்குக் காரணம் ரொம்ப சிம்பிள். எங்க வேலை ராத்திரி நாலஞ்சு மணி நேரம்தான், மத்த நேரம் ஒண்ணும் ஓட வேண்டியதில்ல. பேட்ச்சுக்குன்னு தனியா காசு கிடையாது, அது எழுப்பற மெஷினுக்கும் ஸ்டோரேஜுக்கும் மட்டும்தான் பில். புதுசா பாக்கறவங்களுக்காக ஒரு வரில சொல்லிடறேன்: எந்த மாதிரி மெஷின்ல ஓடணும்னு சொல்றது கம்ப்யூட் என்விரான்மென்ட், வேலைங்க வந்து நிக்கற வரிசை ஜாப் கியூ, எந்த டாக்கர் இமேஜ் (கோடும் அதுக்கு வேண்டியதும் சேத்துக் கட்டுன பொட்டலம்), எவ்ளோ மெமரி, என்ன கமாண்ட்னு எழுதி வெக்கறது ஜாப் டெஃபனிஷன். இந்த மூணும் சரியா இருந்தா ஜாப்ப சப்மிட் பண்ணிட்டு தூங்கப் போலாம்.

2024 ஜனவரில நான் ஒருத்தனே உக்காந்து கன்சோல்ல க்ளிக் பண்ணிப் பண்ணி மும்பை ரீஜன்ல எல்லாத்தையும் கட்டுனேன். ஒன்றரை நாள்தான் ஆச்சு, நல்லாவே ஓடுச்சு, இவ்ளோதானான்னு இருந்துச்சு. மூணு மாசம் கழிச்சு ஒரு கஸ்டமர், எங்க ஃபைல் எல்லாம் தனி அக்கவுண்ட்லதான் இருக்கணும்னு கேட்டாங்க. நியாயமான விஷயம். ஏற்கனவே கட்டுனதுதானே, அதே மாதிரி இன்னொண்ணு கட்டிடலாம்னு உக்காந்தேன். முழுசா மூணு நாள் போச்சு.

அந்த மூணு நாள்ல ரெண்டு நாள் போனது ஒரே ஒரு விஷயத்துல. டீம்ல இருக்கற தம்பி சாயங்காலம் கூப்ட்டு "அண்ணா, எல்லா ஜாப்பும் ரன்னபிள்லயே நிக்குதுண்ணா, ரன்னிங்குக்கே போக மாட்டேங்குது"ன்னான். எரர் எதுவும் இல்ல, லாக் இல்ல, சிவப்பு கலர்ல ஒண்ணும் வரல, சும்மா நிக்குது. ரன்னபிள்னா ஜாப் ரெடி, மெஷின்தான் கிடைக்கலன்னு அர்த்தம், அதுக்கு ஒரு டஜன் காரணம் இருக்கலாம், மெமரி அதிகமா கேட்டிருக்கலாம், ரோல், அதாவது அனுமதி, தப்பா இருக்கலாம், கோட்டா போதாம இருக்கலாம். நாங்க ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து கடைசில கண்டுபுடிச்சது, மெஷின் எழும்பற பிரைவேட் சப்நெட்டுக்கு (இன்டர்நெட்டோட நேரா சேராத உள் நெட்வொர்க்) வெளிய போக ரூட்டே இல்ல. மெஷின் எழும்புது, ஆனா மெஷினுக்கு வேலை குடுக்கற கன்டெய்னர் சர்வீஸ்கிட்ட போய் நான் இருக்கேன்னு சொல்ல வழி இல்லாம தனியா நிக்குது. ஜனவரில முதல் அக்கவுண்ட்லயும் இதே பிரச்சனை வந்திருக்கு, நானேதான் ரூட் டேபிள்ல ஒரு வரி சேத்து சரி பண்ணியிருக்கேன், ஆனா எங்கயும் எழுதி வெக்கல, மூணு மாசத்துல எனக்கே மறந்து போச்சு. நான் அன்னிக்கு லீவுல இருந்திருந்தா அந்தத் தம்பி என்ன பண்ணியிருப்பான்னு நெனச்சா இப்பவும் சங்கடமா இருக்கு.

அந்த ஏப்ரல்ல இருந்து எல்லாம் டெர்ராஃபார்ம்லதான், என்னென்ன வேணும்னு ஃபைல்ல எழுதிக் குடுத்தா அதுவே கிளவுட்ல கட்டிக் குடுக்கற டூல் அது. நெட்வொர்க், ரோல், இமேஜ் வெக்கற இடம், கம்ப்யூட் என்விரான்மென்ட், கியூ, ஜாப் டெஃபனிஷன், ராத்திரி எழுப்பற ஷெட்யூல், லாக் எத்தன நாள் இருக்கணும்ங்கறது வரைக்கும் ஃபைல்ல எழுதிட்டோம். இப்போ புது கஸ்டமருக்குத் தனி அக்கவுண்ட் வேணும்னா பேர மாத்தி அப்ளை குடுத்தா அரை மணி நேரத்துல முழு செட்டப்பும் நிக்குது. நேரம் மிச்சம்ங்கறது சந்தோஷம்தான், ஆனா எனக்குப் பெருசா படறது வேற: என் ஒருத்தன் தலைக்குள்ள இருந்ததெல்லாம் இப்போ ஆறு பேரும் படிக்கற இடத்துல இருக்கு. அந்த ரூட் டேபிள் வரி கூட இருக்கு, பக்கத்துலயே தமிழ்ல ஒரு கமெண்ட்டும் இருக்கு, இத எடுத்தா ஜாப் ரன்னபிள்ல நின்னுடும்னு.

ஆனா சும்மா எழுதி வெச்சா மட்டும் போதும்னு நான் சொல்ல மாட்டேன். மாசத்துக்கு ஒரு தடவ, ஒரு டெஸ்ட் அக்கவுண்ட்ல எல்லாத்தையும் டெஸ்ட்ராய் பண்ணிட்டு முதல்ல இருந்து எழுப்பி, நாலு புத்தகத்த ஓட்டிப் பாக்கறோம். இதுதான் இந்த ரெண்டு வருஷத்துல நாங்க பண்ண உருப்படியான வேலைன்னு நான் நெனைக்கறேன். முதல் தடவ பண்ணப்போ அஞ்சு இடத்துல உடைஞ்சுச்சு. யாரோ அவசரத்துல கன்சோல்ல கைவெச்சு மாத்துன பர்மிஷன், ஃபைல்ல வராத ஒரு பக்கெட் (ஸ்டோரேஜ்ல ஃபைல் போட்டு வெக்கற இடம்) பேர், இப்படி. ஓடிட்டு இருக்கற செட்டப்ப பாத்தா இதெல்லாம் தெரியவே தெரியாது, இடிச்சுட்டுத் திரும்பக் கட்டுனாதான் வெளிய வரும்.

டெர்ராஃபார்ம்ல எங்களுக்கு அதிகமா தண்ணி காட்டுனது கம்ப்யூட் என்விரான்மென்ட்தான். அதுல சில செட்டிங்க மாத்துனா இருக்கறத அழிச்சுட்டுப் புதுசா கட்டணும்னு பிளான் வரும், ஆனா கியூ அதப் புடிச்சுட்டு இருக்கறதால அழிக்க விடாது, பாதில நிக்கும். புதுசு முதல்ல, பழசு அப்புறம் அழியணும்னு லைஃப்சைக்கிள்ங்கற செட்டிங்ல சொல்லி, பேருக்கு பதிலா பேரோட முன்பகுதிய மட்டும் குடுத்தா தீந்துச்சு, ரெண்டும் ஒரே பேர்ல மோதிக்காது. ஜாப் டெஃபனிஷன்லயும் ஒண்ணு கவனிக்கணும், மாத்தும்போது புது ரிவிஷன் போட்டுட்டு பழசை தானா டீரிஜிஸ்டர் பண்ணிடும், அதாவது பதிவுல இருந்து எடுத்துடும், அது வேணாம்னா நிறுத்த தனி செட்டிங் இருக்கு. நாங்க ஷெட்யூல்ல ரிவிஷன் நம்பர் போடாம பேர் மட்டும் குடுத்துட்டோம், எப்பவும் கடைசி ரிவிஷன எடுத்துக்குது.

இமேஜ் விஷயத்துல ஒரு வாரம் அவஸ்தப்பட்டோம். எங்கள்ல ரெண்டு பேர் எம் சீரிஸ் மேக் வெச்சிருக்காங்க, அதுல பில்ட் பண்ணி ஏத்துன இமேஜ் பேட்ச்ல போய் எழும்பின உடனே எக்ஸெக் ஃபார்மட் எரர்னு சாகும், விண்டோஸ் லேப்டாப்ல இருந்து ஏத்துனா ஓடும். ஒருத்தருக்கு ஓடுது ஒருத்தருக்கு ஓடலன்னா எங்க போய்த் தேடறது? மேக் ஆர்ம் சிப்புக்கு பில்ட் பண்ணுது, எங்க மெஷின் இன்டெல், அவ்ளோதான். அன்னில இருந்து யார் லேப்டாப்புலயும் பில்ட் கிடையாது, கிட்ஹப்ல தானா பில்ட் பண்ணிக் குடுக்கற ஆக்ஷன்ஸ்லதான். இமேஜுக்கு வெக்கற அடையாளமான டேக்கும் லேட்டஸ்ட்னு போடறதில்ல, கமிட்டோட (கோடுல பண்ண ஒவ்வொரு மாத்தத்தோட பதிவு) ஐடிதான் டேக். போன வருஷம் ஓட்டுன புத்தகத்துல எழுத்து தப்பா இருக்குன்னு ஒருத்தர் கேட்டா, எந்த கோடு, எந்த டெசராக்ட் மாடல்ல ஓடுச்சுன்னு ரெண்டு நிமிஷத்துல சொல்ல முடியுது.

இப்போ மெமரி கதை. ஒரு தல புராணம், 312 பக்கம், ஜாப்புக்கு 4 ஜிபி குடுத்திருந்தோம். ராத்திரி ஃபெயில், திரும்ப ரீட்ரை, திரும்ப ஃபெயில். லாக்க திறந்தா 140 சொச்சம் பக்கம் வரைக்கும் ஏத்தறது அழகா போகுது, அதுக்கப்புறம் வெறும் வெள்ளை, ஒரு எரர் வரி கூட இல்ல. எக்ஸிட் கோட் மட்டும் 137. மெமரி மீறிப் போச்சுன்னு ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கெர்னல் கன்டெய்னர (ஓடிட்டு இருக்கற இமேஜ) கொன்னுட்டா வர்ற நம்பர் அது, 128ம் சிக்னல் 9ம் சேந்தது. கொல்றதுக்கு முன்னாடி கோடுக்கு ஒரு வார்த்த சொல்ல நேரம் கிடைக்காது, அதனாலதான் லாக்ல ஒண்ணும் இல்ல. கணக்குப் போட்டுப் பாத்தேன்: ஏ4 பக்கம் 300 டிபிஐல 2480க்கு 3508 பிக்சல், கலர்னா பிக்சலுக்கு 3 பைட், ஒரு பக்கம் விரிச்சா 26 எம்பி. எங்க கோடு முழு புத்தகத்தையும் ஒரே லிஸ்ட்ல ஏத்திட்டு அப்புறம்தான் ஓசிஆர் ஆரம்பிக்குது, 312 பக்கத்துக்கு 8 ஜிபி. ஆஃபீஸ் மெஷின்ல 64 ஜிபி இருந்ததால வருஷக்கணக்கா இது வெளிய தெரியவே இல்ல. ஒவ்வொரு பக்கமா திறந்து, ஓட்டி, எஸ்3ல (ஏடபிள்யூஎஸ்ஸோட ஸ்டோரேஜ்) போட்டுட்டு மூடற மாதிரி மாத்துனோம், இப்போ 2 ஜிபிலயே ஓடுது. இன்னொண்ணு, டெசராக்ட் தானா நாலு த்ரெட் (ஒரே நேரத்துல ஓடற கிளை வேலை) எழுப்பிக்கும், ஒரே மெஷின்ல பத்து ஜாப் ஓடும்போது ஒண்ண ஒண்ணு இடிச்சுக்கும், ஓஎம்பி த்ரெட் லிமிட்ட 1ன்னு ஜாப் டெஃபனிஷன்லயே போட்டுட்டோம், மொத்தமா பாத்தா சீக்கிரம் முடியுது.

பக்கம் பக்கமா எஸ்3ல போட ஆரம்பிச்சதுல எதிர்பாக்காத ஒரு நல்லது நடந்துச்சு, தைரியமா ஸ்பாட் மெஷினுக்குப் போக முடிஞ்சுது. ஸ்பாட்னா அமேசான்ல மிச்சமா இருக்கற மெஷின கம்மி விலைக்குக் குடுப்பாங்க, அவங்களுக்கு வேணும்னா 2 நிமிஷ நோட்டீஸ்ல எடுத்துக்குவாங்க. முன்னாடி 200 பக்கம் ஓடி மெஷின் போயிடுச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து, இப்போ ரீட்ரைல வர்ற ஜாப் ஏற்கனவே முடிஞ்ச பக்கத்த தாண்டிப் போய் 201ல ஆரம்பிக்குது. ரீட்ரையும் எல்லாத்துக்கும் போட வேணாம், மெஷின் போனதால செத்தா மட்டும் திரும்ப ஓடு, கோடு தப்புன்னா அங்கயே நில்லுன்னு காரணத்த பாத்து முடிவு பண்ற வசதி இருக்கு, அத கண்டிப்பா போடுங்க, இல்லன்னா உடைஞ்ச கோடே அஞ்சு தடவ ஓடி அஞ்சு தடவ காசு தின்னும்.

அர்ரே ஜாப் எங்களுக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். அன்னிக்கு வந்த புத்தகத்தோட பாத் எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல வரிக்கு ஒண்ணா எழுதி, அத்தன சைஸ்ல ஒரே சப்மிட். ஒவ்வொரு குட்டி ஜாப்பும் தன்னோட இண்டெக்ஸ் நம்பர் பாத்து அந்த வரில இருக்கற புத்தகத்த எடுத்துக்கும், நம்பர் 0ல ஆரம்பிக்கும். ஒரே சப்மிட்ல 10,000 வரைக்கும் போலாம். ஆனா கீழ லிமிட் 2! பொங்கல் லீவுல ஒரு ராத்திரி ஒரே ஒரு புத்தகம்தான் இருந்துச்சு, சப்மிட்டே ஆகல, காலைல வந்து பாத்தா ஒண்ணும் ஓடல. ஒண்ணுதான்னா சாதா ஜாப்பா அனுப்பு, இண்டெக்ஸ் இல்லன்னா 0ன்னு எடுத்துக்கோன்னு ரெண்டு வரி சேத்தோம். ஷெட்யூல்லயும் ஆரம்பத்துல ஒரு குழப்பம், ராத்திரி 11 மணிக்குன்னு 23 போட்டேன், அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், ஓடுனது விடிகாலை 4:30க்கு. ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலர்ல ஏசியா கொல்கத்தான்னு டைம்சோனே குடுக்கலாம், அதுக்கு மாறிட்டோம்.

செலவு பத்திக் கேக்கறவங்களுக்கு: மெஷின் செலவ பாத்து பயந்துட்டு இருந்தோம், ஆனா முதல் மாச பில்லுல உறுத்துனது நாட் கேட்வே, உள் நெட்வொர்க்ல இருக்கற மெஷின் வெளிய போற வாசல். ஒவ்வொரு மெஷினும் இமேஜ இழுக்கும்போதும் ஸ்கேன் ஃபைல இழுக்கும்போதும் அது வழியா போச்சு, ஜிபி கணக்குல காசு. எஸ்3க்கு கேட்வே எண்ட்பாயின்ட்ங்கற நேர் வழி போட்டா அதுக்குக் காசே கிடையாது, ஈசிஆர்ல (இமேஜ் வெக்கற இடம்) இருக்கற இமேஜோட லேயரும் எஸ்3ல இருந்துதான் வருது, அதனால ரெண்டுமே அந்த வழில போயிடும். இமேஜ்ல இருந்த எல்லா மொழி மாடலையும் எடுத்துட்டு தமிழும் இங்கிலீஷும் மட்டும் வெச்சோம், அதுலயும் நல்ல மிச்சம். லாக் வெக்கற குரூப்புக்கு நாள் கணக்கு சொல்லலன்னா அழியவே அழியாது, 30 நாள்னு ஃபைல்லயே எழுதிட்டோம். கம்ப்யூட் என்விரான்மென்ட்ல மினிமம் 0, மேக்சிமம் 64 விசிபியு (பிராசஸர் கணக்கு). யாராவது தப்பா பத்தாயிரம் ஜாப் அனுப்பிட்டாலும் வரிசைல நிக்கும், பில் எகிறாது, நிம்மதியா தூங்கலாம்.

யாருக்கு இது வேணாம்னும் சொல்லிடறேன். மாசத்துக்கு ரெண்டு தடவ, ஒரே மெஷின்ல ஒரு மணி நேரத்துல முடியற வேலைன்னா இவ்ளோ கட்டமைப்பு தேவையில்ல, ஒரு கிரானும் (குறிச்ச நேரத்துல வேலைய ஓட்டற டைமர்) ஒரு சின்ன மெஷினும் போதும். ஜாப் வந்த உடனே ரெண்டு செகண்ட்ல ஆரம்பிக்கணும்னாலும் பேட்ச் ஆகாது, மெஷின் எழும்பி இமேஜ் இழுக்கவே சில நிமிஷம் ஆகும். 2023 ஆகஸ்ட்ல டெர்ராஃபார்ம் லைசென்ஸ் ஓபன் சோர்ஸ்ல இருந்து மாறுனதால, அதுல இருந்து பிரிஞ்சு வந்த ஓபன்டோஃபு எடுக்கலாமான்னு டீம்ல பேச்சு இருக்கு, எங்க ஃபைல அதுல ஓட்டிப் பாத்தோம், ஒரு வரி மாத்தாம ஓடுச்சு, முடிவு இன்னும் எடுக்கல.

இந்த வடகிழக்குப் பருவமழைல ரெண்டு நாள் யாரும் ஆஃபீஸுக்கே போகல, எங்க டீம்ல வேளச்சேரி பக்கம் இருக்கற பொண்ணுக்கு வீட்ல கரண்டும் இல்ல. புதுசா வந்த ஒரு நூலகத்துக்கு அந்த வாரம்தான் அக்கவுண்ட் எழுப்பிக் குடுக்கணும், நான் ஊர்ல இருந்தேன், ஃபோன் சிக்னல் சரியா கிடைக்கல. அந்தப் பொண்ணு அவங்க அத்தை வீட்ல உக்காந்து எழுப்பிட்டு, குரூப்ல மெசேஜ் போட்டிருந்தா: "அண்ணா, 46 புத்தகமும் சக்சீடட்."