குளோபல் ஹெல்த்: 15 கிரெடிட் போதுமா, 42 வேண்டுமா?

குளோபல் ஹெல்த்தில் (உலகளாவிய சுகாதாரத் துறையில்) கிராஜுவேட் சர்டிபிகேட் என்ற குறுகிய படிப்பைப் படிக்கலாமா, நேராக எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலைப் பட்டம்) போய்விடலாமா? மருத்துவம், நர்சிங், லேப், புள்ளியியல் என்று ஏதோ ஒரு பட்டமும் அதில் வேலையும் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு நான் சர்டிபிகேட் பக்கம்தான். ஒரே ஒரு நிபந்தனை: அங்கே வாங்கும் கிரெடிட் (பாடச்சுமையை அளக்கும் அலகு) நாளைக்கு எம்.பி.எச்.சில் கழிய வேண்டும், அதாவது அந்தப் பட்டத்துக்கும் எண்ணப்பட வேண்டும். கழியாவிட்டால், எவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தின் முத்திரை இருந்தாலும் அது காசு கொடுத்து வாங்கிய வாசிப்புப் பட்டியல்தான்.

முதலில் அளவு. அமெரிக்காவில் சர்டிபிகேட் பெரும்பாலும் 12 முதல் 18 கிரெடிட்டுக்குள் முடியும். பொதுச் சுகாதாரக் கல்விக்கு அங்கீகாரம் தரும் சி.இ.பி.எச். அமைப்பின் விதிப்படி எம்.பி.எச்.சுக்குக் குறைந்தது 42 செமஸ்டர் கிரெடிட். பிரிட்டனில் கணக்கு வேறு: போஸ்ட்கிராஜுவேட் சர்டிபிகேட் 60, டிப்ளமா 120, மாஸ்டர்ஸ் 180. ஆஸ்திரேலியாவின் தேசியத் தகுதி ஏணியில் கிராஜுவேட் சர்டிபிகேட் 8ஆம் நிலை, மாஸ்டர்ஸ் 9ஆம் நிலை.

இதை மணிக்கணக்காக மாற்றிப் பார்த்தால்தான் உறைக்கும். அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு 1 மணி வகுப்பும் 2 மணி வெளிவேலையும், சுமார் 15 வாரத்துக்கு. 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வாரம் 9 மணி, மொத்தம் 135 மணி. 15 கிரெடிட் சர்டிபிகேட் 675 மணி. 42 கிரெடிட் எம்.பி.எச். 1,890 மணி. பிரிட்டனில் ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி என்பதால் 60-க்கு 600, 180-க்கு 1,800. வேலை பார்த்துக்கொண்டே ஒரு நேரத்தில் ஒரு பாடம் என்பது தாங்கும். இரண்டு எடுத்தால் வாரம் 18 மணி. முதல் மாதம் ஓடிவிடும். இரண்டு பாடத்திலும் இடைத்தேர்வும் குழு வேலையும் ஒரே வாரத்தில் வந்து விழும்போதுதான் கழன்றுகொள்ளும்.

பாடத்தில் என்ன வித்தியாசம்? ஆரம்பச் சுகாதாரத்தை முன்வைத்த 1978 அல்மா ஆட்டா பிரகடனம், 2005 சர்வதேசச் சுகாதார விதிமுறைகள், காவி (தடுப்பூசி), குளோபல் ஃபண்ட் (எய்ட்ஸ், காசநோய், மலேரியா) போன்ற அமைப்புகளின் நிதி எப்படி நகர்கிறது, நோய்ச்சுமையை 'டாலி' அலகில் (நோயாலும் அகால மரணத்தாலும் இழந்த ஆரோக்கிய ஆண்டுகள்) எப்படி அளக்கிறார்கள், திட்டத்துக்கு லாக்ஃபிரேம் (இலக்கு, வேலை, அளவுகோல் அட்டவணை) போடுவது எப்படி... இவை இரண்டிலும் உண்டு. பிரிகிற இடம் எண்கள்.

ஒரு சிறு கணக்கு. வயிற்றுப்போக்கு பரவிய ஊரில் கிணற்று நீர் குடித்த 60 பேரில் 30 பேருக்கு நோய். குழாய் நீர் குடித்த 40 பேரில் 4 பேருக்கு. முதல் குழுவில் 50%, இரண்டாவதில் 10%. வகுத்தால் ரிஸ்க் ரேஷியோ 5. சர்டிபிகேட்டின் எபிடெமியாலஜி (நோய்ப் பரவலியல்) பாடம் உங்களை இதுவரை உறுதியாகக் கொண்டுவந்து விடும். 'கிணற்று நீர் குடித்தவர்களில் முதியவர்கள் அதிகமோ? நோய்க்கு வயதுதான் காரணமோ?' என்று கேட்டு, வயதுவாரியாகப் பிரித்து மறுபடி கணக்கிடுவதும் அநேகமாக வந்துவிடும். ஆனால் பத்துக் காரணிகளை ஒன்றாகப் போட்டு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் முறையை ஓட்டி, வந்த விடையை நம்பலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் பயிற்சி எம்.பி.எச்.சின் இரண்டாம் மூன்றாம் புள்ளியியல் பாடங்களில்தான் கிடைக்கும். கள ஆய்வுத் தரவோடு தினமும் மல்லுக்கட்டப் போகிறவர் என்றால் இங்கேயே முடிவெடுத்துவிடலாம்: எம்.பி.எச்.தான். திட்ட நிர்வாகம், நோயாளிப் பராமரிப்பு, பயிற்சி, ஒருங்கிணைப்பு என்று போகிறவருக்கு சர்டிபிகேட் அளவே போதும்.

வேலை விஷயத்தில் சர்டிபிகேட்டின் குறையை மூடி மறைக்க முடியாது. ஐ.நா. அமைப்புகளின் அறிவிப்பில் 'அட்வான்ஸ்டு யுனிவர்சிட்டி டிகிரி' என்று இருந்தால் சர்டிபிகேட் அதற்கு ஈடாகாது; இளங்கலையோடு கூடுதல் அனுபவத்தை ஏற்கும் அறிவிப்புகளில்தான் வழி உண்டு. உலகச் சுகாதார நிறுவனம், பட்டம் கொடுத்த நிறுவனம் உலக உயர்கல்வித் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கும். மறுபக்கம், 2025-இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் கலைக்கப்பட்ட பிறகு, எம்.பி.எச்.சும் பல வருட அனுபவமும் உள்ளவர்களே வேலை தேடி நிற்கிறார்கள். இந்த நேரத்தில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிப்பது பெரிய பந்தயம். நான் சர்டிபிகேட் பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்து நிறுவனம், ஆலோசனை நிறுவனம் போன்ற தனியார் பக்கத்தில் அது எவ்வளவு எடுபடும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஆள், பதவிக்குப் பதவி மாறுகிறது.

இனி கிரெடிட் கழியும் விஷயம். எல்லாரும் 'டிரான்ஸ்ஃபர் ஆகுமா?' என்று மட்டும் கேட்டு, 'ஆகும்' என்ற பதிலோடு திருப்தியாகிவிடுகிறார்கள். கேட்க வேண்டியது அதற்கு அடுத்த கேள்வி: எந்தக் கட்டத்தில் போய் உட்காரும்?

42 கிரெடிட் எம்.பி.எச். ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். கட்டாய அடிப்படைப் பாடங்கள் 18, சிறப்புப் பிரிவு 15, களப்பயிற்சி 3, இறுதிப் பணி 3, விருப்பப்பாடம் 3. நீங்கள் முடித்த சர்டிபிகேட்டில் ஐந்து பாடமும் குளோபல் ஹெல்த் சார்ந்தவை. பிறகு எபிடெமியாலஜியைச் சிறப்புப் பிரிவாக எடுக்கிறீர்கள். 15 கிரெடிட்டையும் ஏற்றுக்கொண்டதாகவே கடிதம் வரும். ஆனால் உட்கார இடம் விருப்பப்பாடக் கட்டத்தில் 3 மட்டும். மீதி 12 டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) அழகாக நிற்கும், பட்டத்துக்கு உதவாது. அதே சர்டிபிகேட்டில் எபிடெமியாலஜி, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (மருத்துவப் புள்ளியியல்) இரண்டும் இருந்திருந்தால் அடிப்படைக் கட்டத்தில் 6 கழிந்து, மொத்தம் 9 ஆகியிருக்கும். குளோபல் ஹெல்த்தையே சிறப்புப் பிரிவாக எடுத்தால் 15-உம் கழிய வாய்ப்பு உண்டு. ஆகவே இரண்டு சர்டிபிகேட்டுக்கு நடுவே தடுமாறினால், இந்த இரண்டு பாடமும் உள்ளதை எடுங்கள். கவர்ச்சியான தலைப்புள்ள பாடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, பாட எண். எம்.பி.எச். மாணவர்கள் உட்காரும் அதே எண்ணுள்ள பாடமா, தனி வகுப்பா? 'ப்ரொஃபஷனல் சர்டிபிகேட்' என்ற பெயரில் தொடர்கல்விப் பிரிவு நடத்துவது பல நேரம் சி.இ.யூ. (தொடர்கல்வி அலகு) கணக்கில் இருக்கும். 1 சி.இ.யூ. என்பது 10 மணி நேரப் பயிற்சி. அது கல்விக் கிரெடிட்டே அல்ல, எங்கும் கழியாது. இன்னொரு குழப்பம்: சி.இ.பி.எச். அங்கீகாரம் பட்டம் தரும் பள்ளிக்கோ பட்டத் திட்டத்துக்கோ கிடைப்பது. சர்டிபிகேட்டுக்குத் தனியாக அங்கீகாரம் இருப்பதுபோல விளம்பரம் பேசினால் சந்தேகப்படுங்கள்.

வரிசையும் முக்கியம். வேறு ஒரு பட்டத்துக்கோ சர்டிபிகேட்டுக்கோ பயன்பட்ட கிரெடிட்டை மறுபடி எண்ண மாட்டோம் என்று சில பல்கலைக்கழகங்களில் விதி உண்டு. அங்கே சர்டிபிகேட் கையில் வருவதற்கு முன்பே எம்.பி.எச்.சுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். பிரிட்டனில் இது வேறு மாதிரி: மாஸ்டர்ஸுக்கு ஏறினால் கீழேயுள்ள சர்டிபிகேட் அதற்குள் கரைந்துவிடும், இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியாத இடங்கள் அதிகம். சர்வதேசச் சுகாதார மாஸ்டர்ஸ் நடத்தும் ஐரோப்பாவின் ட்ரோப்எட் வலையமைப்பில் ஏணி தெளிவாகவே இருக்கிறது: 20 இ.சி.டி.எஸ். (ஐரோப்பிய கிரெடிட்) அடிப்படைப் பாடம், 20 மேல்நிலைப் பாடங்கள், 20 ஆய்வேடு. பாடங்களை வெவ்வேறு நாட்டு உறுப்பு நிறுவனங்களில் எடுக்கலாம்.

கிரெடிட்டுக்கு வயதும் உண்டு. ஐந்து முதல் ஏழு ஆண்டு என்று பல இடங்களில் வரம்பு வைத்திருக்கிறார்கள். 'பி' கிரேடுக்குக் கீழே வந்த பாடம் பொதுவாகக் கழியாது.

சேர்வதற்கு முன் அட்மிஷன் அலுவலகத்துக்கு அல்ல, எம்.பி.எச். திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். 'இந்த ஐந்து பாட எண்களும் இன்ன சிறப்புப் பிரிவில் எந்தெந்தக் கட்டத்தில் எண்ணப்படும்? சர்டிபிகேட் வாங்கிய பிறகு சேர்ந்தாலும் எண்ணப்படுமா? எத்தனை வருடத்துக்கு?' மூன்றே வரி. பதில் மின்னஞ்சலில் வரட்டும். போனில் சொன்னதை நான்கு வருடம் கழித்து யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். அந்த வருடத்துப் பாடத்திட்டக் கையேட்டையும் பிடிஎஃப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற இரண்டு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் இணையவழிப் பாடங்கள் பல இலவசம். துறை பிடிக்கிறதா என்று பார்க்க நல்ல இடம், கிரெடிட் கிடையாது. மருத்துவராக இருந்து வெப்பமண்டல நோய்களுக்குச் சிகிச்சை தரப் போகிறவர் என்றால் சர்டிபிகேட்டும் வேண்டாம், எம்.பி.எச்.சும் வேண்டாம், லண்டன், லிவர்பூல் பள்ளிகள் நடத்தும் சுமார் மூன்று மாத டி.டி.எம்.அண்ட் எச். (வெப்பமண்டல மருத்துவம், சுகாதாரம்) டிப்ளமாதான் நேர்வழி.

சர்டிபிகேட் என்று முடிவானால் முதல் செமஸ்டரிலேயே பயோஸ்டாட்டிஸ்டிக்ஸை எடுங்கள், அது மட்டும். பலர் பயந்து கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அதில் 'பி' வராது என்று தெரிந்தால், முதலில் எடுத்திருந்தால் போவது 3 கிரெடிட். கடைசியில் எடுத்திருந்தால், கட்டணம் கட்டிய 12 கிரெடிட் சர்டிபிகேட் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும்.